கடலுக்கு அப்பால் ஒரு புள்ளி!

இருபத்திரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அலறின!

டெஸ்டிங் ரூம் கதவைத் திறந்த பூதக்கண்ணாடிக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம்!

பின்னே? ஒன்பது மாதமாக இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானே தவம் கிடந்தாள். ஸ்டாண்டில் பதினொரு ஆண்ட்ராய்ட் போன், பதினொரு ஐபோன். இதுவரை இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் தூங்கும். அந்தப் பக்கம் அடித்தால் இந்தப் பக்கம் வாயே திறக்காது. இன்றைக்குத்தான் எல்லாம் சேர்ந்து கத்துகின்றன.

எல்லாத் திரையிலும் ஒரே வரி.

'நோயாளி உங்களுக்காகக் காத்திருக்கிறார்!'

"அப்பாடா... டெஸ்ட் பாஸ்!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கால் எதிலோ இடறியது.

குனிந்து பார்த்தாள்.

முதலாளி!

மேஜைக்கடியில் மல்லாந்து கிடந்தார். கண்கள் திறந்தபடி இருந்தன. கழுத்தில் ஒரு வெள்ளைச் சார்ஜர் ஒயர்... மூன்று சுற்று!

அவள் போட்ட அலறலில் இருபத்திரண்டு போன்களும் அமுங்கிப்போயின.

சனிக்கிழமை, மாலை மணி நான்கு.

*

பூதக்கண்ணாடி என்பது ஆபீஸ் வைத்த பெயர். அடுத்தவர் எழுதிய ஆப்பில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. டெஸ்டர். ஒரு குறை கிடைத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்சுகளுக்கான ஆப் அது. எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும். போய்ச் சேர்ந்ததும் 'செக்-இன்' அழுத்தினால் இடமும் நேரமும் பதிவாகும். ஆபீஸ்காரர்களின் வருகைப் பதிவுக்கும் அதே ஆப்தான். "நாமளே நம்ம ஆப்பைத் தொடலேன்னா எவன் வாங்குவான்?" என்பார் முதலாளி.

அந்த ஆப்பை இரண்டு பேர் எழுதினார்கள். ஆண்ட்ராய்டுக்கு எழுதுகிறவனுக்குப் 'பச்சை' என்று பெயர், ஆண்ட்ராய்டின் சின்னமான பச்சைப் பொம்மையை வைத்து. ஐபோனுக்கு எழுதுகிறவன் 'ஆப்பிள்'.

பச்சை அவள் கூடப்பிறந்த அண்ணன். ஆப்பிள் அவள் புருஷன்!

ஆக, ஒரே ஆப்பை மச்சானும் மாப்பிள்ளையும் பன்னிரண்டு வருஷமாக இரண்டு தடவை எழுதிக்கொண்டிருந்தார்கள். முதலாளி பார்த்தார். இரண்டு வகைப் போனிலும் ஓடுகிற மாதிரி ஒரே 'கோட்', அதாவது ஒரே புரோகிராம், எழுதச் சொன்னார். இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒன்பது மாதம் கண் பூத்து, எழுதிக் கொடுத்தார்கள். தங்கள் குழியைத் தாங்களே தோண்டிக்கொண்ட புத்திசாலிகள்!

சனிக்கிழமை காலை மீட்டிங்கில் முதலாளி தொண்டையைச் செருமினார்.

"இனிமே ஒரே கோட். அப்புறம் ரெண்டு ஆள் எதுக்கு? ஒருத்தர் போதும். யாருன்னு திங்கட்கிழமை சொல்றேன்."

பச்சை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இந்தக் கம்பெனிக்கு மொத வரி எழுதினவன் நான்! என்னை அனுப்பிட்டு நீங்க நிம்மதியா இருந்துடுவீங்களா? பாத்துடறேன்!"

ஆப்பிள் காபியைக் குடித்து முடித்தான். கப்பைக் கழுவி வைத்தான்.

மதியம் இரண்டு மணிக்கு ஆபீஸ் மூடியது. டெஸ்ட் முடிந்ததா என்று பார்க்க நான்கு மணிக்கு அவள் திரும்பி வந்தபோது, முதலாளி பிணம்.

*

ஞாயிறு காலையே அண்ணன் வீட்டு வாசலில் ஜீப்! பூதக்கண்ணாடி பதறிக்கொண்டு ஓடினாள்.

இன்ஸ்பெக்டருக்கு ஆப் என்றாலே ஆகாது. சட்டைப் பையில் பட்டன் போன் வைத்திருந்தார். "என்னுதுல அமுக்கினா பேசும். அமுக்கலேன்னா பேசாது. அவ்வளவுதான்" என்று பெருமை வேறு.

"தெருமுனை மருந்துக் கடை கேமராம்மா. உங்க அண்ணன் மூணு எட்டுக்கு ஆபீஸ் உள்ள போறார். மூணு இருபத்தேழுக்கு வெளிய வர்றார். உயிர் போனது மூணுக்கும் மூணரைக்கும் நடுவுலன்னு டாக்டர் சொல்றார். இதுக்கு மேல கொலைகாரன் கையெழுத்தா போட்டுக் குடுப்பான்?"

"சார்! என் ஹெட்போனை எடுக்கத்தான் போனேன்!" பச்சை கத்தினான். "டெஸ்டிங் ரூம் பக்கமே போகலே! உள்ள வேற யார் இருந்தாங்களோ... எனக்கென்ன தெரியும்?"

"காலைல பாத்துடறேன்னீங்க. பாத்துட்டீங்க போலிருக்கு. ஏறுங்க."

இன்ஸ்பெக்டர் அப்படியே ஆப்பிள் பக்கம் திரும்பினார். தகவல் கேட்டு ஓடி வந்தவன், பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க அப்ப எங்கே?" கையிலிருந்த பேப்பரைப் புரட்டினார். "மூணு இருபத்திரண்டுக்குப் பெரிய ஆஸ்பத்திரில செக்-இன்னு போட்டிருக்கே... நர்சுங்களுக்கு ட்ரெய்னிங்கா?"

ஆப்பிள் ஒரு விநாடி விழித்தான்.

"ஆ... ஆமா சார்."

ஜீப்பில் ஏறும்போது அண்ணன் திரும்பிப் பார்த்தான்.

"நீயாவது என்னை நம்பறியாம்மா?"

"நம்பறேண்ணா! ரெண்டே நாள்ல உன்னை வெளிய கொண்டு வர்றேன். இது சத்தியம்!"

அப்பா போனபோது அவளுக்குப் பதினாலு வயசு. அன்றிலிருந்து அப்பாவுக்கு அப்பாவாக நின்றவன் அவன். அவனைத் தூக்குக் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டு அவள் எப்படிச் சோறு தின்பாள்?

"அழாதே" என்றான் ஆப்பிள். "மச்சான் அப்படிப்பட்டவர் இல்லே."

*

திங்கள் காலை. டெஸ்டிங் ரூமுக்குப் போலீஸ் சீல். மற்ற அறைகளில் ஈ காக்கை இல்லை.

பூதக்கண்ணாடி தன் மேஜையில் உட்கார்ந்து, ஆப்பின் உள்பதிவுகளைத் திறந்தாள். செக்-இன் பட்டனை அழுத்துவது மட்டும்தான் வெளியே தெரியும். ஆனால் ஆப் திறந்த நொடியிலிருந்து, ஆள் எங்கே நிற்கிறார் என்று அது கமுக்கமாக எழுதிக்கொண்டே இருக்கும்.

அண்ணன் சொல்வது நிஜமென்றால், உள்ளே வேறு யாரோ இருந்திருக்க வேண்டும். யார்?

ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேரின் சனிக்கிழமையை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வரவேற்பாளர் வீட்டில். கணக்காளர் கடைத்தெருவில். டிசைனர் தியேட்டரில்...

ஆப்பிள்?

மூன்று இருபத்திரண்டு. ஆஸ்பத்திரி.

அதற்கு மேலே ஒரு வரி. மூன்று இருபத்தொன்று.

உலக மேப்பில் அந்தப் புள்ளி விழுந்த இடத்தைப் பார்த்தாள்.

கடலுக்கு அப்பால்! வேறு கண்டம்! பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேலே!

ஒரே நிமிஷத்தில் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்க, ஆப்பிள் என்ன அனுமாரா?

காரணம் அவளுக்குத் தெரியும்.

எமுலேட்டர்! கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் டூப்ளிகேட் போன். நிஜ போனில் போடுவதற்கு முன்னால் ஆப்பை அதில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். அது கண் விழித்ததும் தன்னைச் செய்த கம்பெனியின் தலைமை ஆபீஸில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். 'நீ அங்கே இல்லை, இங்கே' என்று நாம் சொல்லிக் கொடுத்த பிறகுதான் ஊர் திரும்பும். யாரோ அதை எழுப்பி, இடத்தை மாற்றுவதற்குள் ஆப்பைத் திறந்திருக்கிறார்கள்.

எந்த வகைப் போன் என்ற கட்டம் காலியாக இருந்தது. புதுக் கோடில் அந்த வரியையே இன்னும் சேர்க்கவில்லை. ஆனால் எந்த இன்டர்நெட் வழியாக வந்தது என்பது பளிச்சென்று இருந்தது.

இந்த ஆபீஸ் இன்டர்நெட்!

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள்.

"ட்ரெய்னிங்கா? சனிக்கிழமை யாருமே வரலையேம்மா. நர்சுங்க காத்திருந்துட்டுப் போயிட்டாங்க."

போனை வைத்தாள்.

அப்படியானால்... சனிக்கிழமை மூன்று இருபத்தொன்றுக்கு ஆப்பிள் இங்கே இருந்திருக்கிறான். பின்பக்க மாடிப்படிச் சாவி முதலாளியிடமும் அவனிடமும்தான் உண்டு. அந்தப் பக்கம் கேமராவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் இருந்ததாகக் கூசாமல் ஆமாம் என்றானே!

அவன் அன்றைக்குக் காபியைக் குடித்துவிட்டுக் கப்பைக் கழுவி வைத்தது ஞாபகம் வந்தது. குரைக்கிற நாய் கடிக்காது. அண்ணன் குரைத்தான். இவன் வாயே திறக்கவில்லை.

சொல்லாமல் விட்டால் அண்ணன் போவான். சொன்னால் புருஷன் போவான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது வலிக்காது.

நாற்பது நிமிஷம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இன்ஸ்பெக்டரின் பட்டன் போன் அடித்தது.

*

ஆப்பிள் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தான். அவளுடைய துணி.

"கீழ வாங்க, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "சனிக்கிழமை நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகலையாமே?"

ஆப்பிள் அவரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கிளிப் ஒன்று அவன் கையிலிருந்து நழுவியது.

"போகலே சார். வேற ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன்."

"அப்ப செக்-இன்?"

"நான் போடலே. நீங்க படிச்சுக் காட்டினதும் நானே அசந்துட்டேன். ஆப்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். வாழ்க்கைலயே முதல் தடவையா ஒரு கோளாறு நமக்கு நல்லது பண்ணுதேன்னு... வாயை மூடிக்கிட்டேன்."

"நல்லா இருக்கு கதை! உங்க பேர்ல, உங்க பாஸ்வேர்ட்ல, யாரோ வந்து தர்மம் பண்ணாங்களா?"

"எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட் சார். ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும். டெஸ்டிங்குக்கு வசதின்னு வச்சது."

"இன்டர்வியூ எடுத்தவர் நம்பரைக் குடுங்க."

கொடுத்தான். இன்ஸ்பெக்டர் அடித்துப் பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப்.

"அவர் போனை ஆன் பண்ற வரைக்கும் நம்மகூட இருங்க. உங்க மச்சானை வீட்டுக்கு அனுப்பிடறோம். கணக்கு சரியாப் போச்சு."

படியிறங்கும்போது ஆப்பிள் நின்றான்.

"எதை வச்சு என்னைக் காட்டிக் குடுத்தே?"

"எ... எமுலேட்டர். மொதப் புள்ளி கடலுக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்துச்சு."

"அந்தப் பக்கம்னா எங்கே? எந்தத் தெரு? எந்தக் கட்டடம்?"

"அ... அதைப் பாக்கலே."

"மேப்பைப் பெருசாக்கிக்கூடப் பாக்கலையா?" அவன் சிரித்தான். அழுதிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "பாதியில நிறுத்திட்டியே..."

ஜீப் கிளம்பியது.

*

பூதக்கண்ணாடி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள்.

பெரிதாக்கினாள்.

நாடு... மாநிலம்... ஊர்...

ஊரில் நிறுத்தினாள்.

இரண்டு போன் கம்பெனிகளின் தலைமை ஆபீசும் ஒரே வட்டாரம். உலக மேப்பில் பார்த்தால் இரண்டும் ஒரே புள்ளிதான். பக்கத்தில் போனால்தான், நடுவில் பத்து கிலோமீட்டர் இடைவெளி இருப்பது தெரியும். ஆப்பிள் பேரில் வந்த பதிவு, ஆகவே ஆப்பிளின் டூப்ளிகேட் போன்... என்று அவள் மனசு தானாகவே முடிச்சுப் போட்டுவிட்டது.

தெருவின் பெயர் தெரிகிற அளவுக்குப் போனாள்.

புள்ளி விழுந்திருந்தது ஐபோன் கம்பெனி வாசலில் இல்லை.

ஆண்ட்ராய்ட் கம்பெனி வாசலில்!

ஆப்பிளின் கம்ப்யூட்டரில் ஆண்ட்ராய்ட் எமுலேட்டரே கிடையாது. ஆபீஸ் மொத்தத்திலும் அது ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

"ஐயோ... என்ன காரியம் பண்ணிட்டேன்!"

வாய்விட்டே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் தடவையாக அந்தப் பட்டன் போனுக்கு அடித்தாள்.

*

அன்று மாலை ஆறு மணி.

அண்ணன் குளித்துவிட்டு, ஆப்பிளின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தங்கச்சி வீட்டு டைனிங் டேபிளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா. லாக்கப்ல தண்ணிகூட ஒழுங்காக் குடுக்கலே. மாப்ளே இப்படிப் பண்ணுவான்னு நான் கனவுலகூட நெனைக்கலே."

"அண்ணா, நீ ஐபோனுக்கு ஏதாவது எழுதியிருக்கியா?"

"அந்தப் பக்கமே நான் தலைவச்சுப் படுத்ததில்லையே. ஏன்?"

"கொஞ்சம் பழகியிருக்கலாம். அவரை மாட்டி விடணும்னா அவரோட டூப்ளிகேட் போனை எழுப்பியிருக்கணும். பன்னெண்டு வருஷப் பழக்கம்... கை தன்னால உன்னுதை எழுப்பிடுச்சு."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

தட்டைத் தள்ளி வைத்தான்.

"நீ கண்டுபிடிப்பேன்னு தெரியும்" என்றான் மெதுவாக. "பாதியைக் கண்டுபிடிப்பேன்னு தெரியும். மீதியையும் கண்டுபிடிச்சுடுவேன்னு தெரியாமப் போச்சு."

"அப்ப அந்தப் புள்ளி... நான் பாக்கணும்னே விட்டதா?"

"வேற யார் பாப்பா? அந்த இன்ஸ்பெக்டரா? என்னை வெளிய கொண்டு வர, நீ தோண்டுவே. தோண்டினா அவன் பொய் சொன்ன மாதிரி தெரியும். அவன் நிஜமாவே பொய் சொன்னது என் அதிர்ஷ்டம்."

"பாவி! முதலாளியை ஏன்ணா..."

"மூணு மணிக்கு வரச் சொன்னார். 'நீ வேண்டாம்'னார். அதைச் சொல்றப்பகூட என் மூஞ்சியைப் பாக்கலேம்மா! போனைப் பாத்துக்கிட்டே சொன்னார். பன்னெண்டு வருஷம்... ரெண்டே வார்த்தை. எனக்கு நாப்பத்தாறு வயசு. இனிமே எவன் கூப்பிடுவான்? ஒயர் மேஜை மேல கெடந்துச்சு. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு."

"சரி. என் புருஷன் உனக்கு என்ன பண்ணார்?"

"ஒண்ணும் பண்ணலே. அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு. லிஸ்ட்ல அவன் பேர்தான் மொதல்ல வந்துச்சு."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வாழ்க்கையாச்சேன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"உனக்குத்தான் நான் இருக்கேனேம்மா" என்றான் அண்ணன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான் போலிருக்கிறது. சட்டென்று குரல் மாறியது. "இப்ப என்ன? போலீஸ்ல சொல்லப் போறியா? காலைல புருஷனைக் குடுத்தே. சாயங்காலம் அண்ணனைக் குடுப்பே. உன்னை எவன் நம்புவான்?"

"நான் நம்பறேன் சார்."

பெட்ரூம் கதவைத் திறந்துகொண்டு இன்ஸ்பெக்டர் வந்தார்.

"உங்க கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் பாத்தாச்சு. சனிக்கிழமை மூணு இருபதுக்கு அந்த டூப்ளிகேட் போனை எழுப்பினது அப்படியே பதிவாகியிருக்கு. கை கழுவிட்டு வாங்க, போலாம்."

அண்ணன் கை கழுவினான். தங்கச்சியைப் பார்க்காமல், இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நடந்தான்.

வாசலில் இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"ஒரே நாள்ல ரெண்டு பேரைக் குடுத்திருக்கீங்க. வீட்ல இன்னும் யாராச்சும் மிச்சம் இருக்காங்களாம்மா?"

*

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆப்பிள் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தான். சட்டை கசங்கியிருந்தது. இரண்டு கன்னத்திலும் முள் தாடி.

"இன்டர்வியூ எடுத்தவர் பேசினார்" என்றார் இன்ஸ்பெக்டர். "சனிக்கிழமை மூணு மணிலேர்ந்து நாலு வரைக்கும் தன் முன்னாலதான் உக்காந்திருந்தீங்கன்னார். வேலையும் உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணியிருந்தாராம்."

"பண்ணியிருந்தாராமா?"

"கொலைக் கேஸ்னதும்... வேற ஆள் பாத்துக்கறேன்னுட்டார். மன்னிச்சுக்கோங்க சார்."

பூதக்கண்ணாடி படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன.

"என்னங்க... இன்டர்வியூ போறதை என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"வேலை கெடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும்னார் இல்லே? மச்சானுக்கு வயசாயிடுச்சு, அவருக்கு வேற எடத்துல கெடைக்காது. நாமளே ஒதுங்கிடலாம்னு போனேன்."

அவள் ஸ்டேஷன் வாசல் என்றுகூடப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆப்பிள் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான். தூக்கிவிடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லு. அந்தப் புள்ளியைப் பாத்ததுலேர்ந்து போலீசுக்கு போன் பண்ற வரைக்கும் எவ்வளவு நேரம் யோசிச்சே?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நா... நாப்பது நிமிஷம்."

ஆப்பிள் தலையாட்டிக்கொண்டான். செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்கு எதிர்த் திசையில் நடக்க ஆரம்பித்தான். நாலடி போய்த் திரும்பினான்.

"ஒரு பட்டன் கோணலா இருக்குன்னு எழுதறதுக்கே நீ ரெண்டு நாள் எடுத்துக்குவே... புருஷன் கோணல்னு எழுத நாப்பது நிமிஷம்தானா? பரவாயில்லையே, வேலைல நல்லாத்தான் முன்னேறியிருக்கே!"